ஆப்பில் பெயர் இல்லாத செயற்கைக்கோளைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: முட்டம் கடற்கரையில் இரவு ஏழே கால் மணி வாக்கில் ஒரு ஒளிப்புள்ளி தெற்கிலிருந்து வடக்காகப் போனது. சில விநாடிக்கு ஒருமுறை பளிச்சென்று மின்னி மங்கியது. கைபேசி ஆப் எதையும் காட்டவில்லை. உளவு செயற்கைக்கோளா? டெலஸ்கோப் வாங்கட்டுமா?

பதில்: டெலஸ்கோப் வேண்டாம். அதில் தெரியும் வானம் மிகச் சிறியது. புள்ளி உள்ளே வந்த வேகத்தில் வெளியே போய்விடும். வெறுங்கண்ணும் துல்லியமான கடிகாரமும் போதும்.

முதலில் ஆப்பைச் சோதியுங்கள். இடம் சென்னை என்று இருந்தால் கணிப்பு மொத்தமும் தப்பு. முட்டம் அங்கிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. அப்புறம், பல ஆப்கள் பிரகாசமானவற்றை மட்டுமே காட்டும். செயற்கைக்கோள்கள் கடக்கும் நேரத்தைக் கணித்துத் தரும் ஹெவன்ஸ்-அபவ் தளத்தில் உங்கள் இடத்தைக் குறித்து, மங்கலானவற்றையும் சேர்த்துத் தேடுங்கள்.

நீங்கள் எழுதியதிலேயே நல்ல துப்பு இருக்கிறது. தெற்கு வடக்காகப் போனால் பெரும்பாலும் துருவப் பாதை, அதாவது பூமியின் துருவங்களை ஒட்டிச் சுற்றும் பாதை. திருவனந்தபுரம் போகும் விமானம் என்றால் சிவப்பு, பச்சை விளக்குகள் தெரிந்திருக்கும். மெதுவாக மின்னி மங்குவது கட்டுப்பாடின்றி உருளும் பொருளின் குணம். வெயில் படும் பக்கம் மாறிக்கொண்டே இருப்பதால் அப்படி. பழைய ராக்கெட்டின் மேல் அடுக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம். இயங்கும் உளவுக்கோள் பொதுவாக நிலையாகத் திரும்பி நிற்கும்.

சரி, உறுதிசெய்வது எப்படி? தை, மாசி மாலைகளில் முட்டத்தின் தென்வானில் அகத்திய விண்மீனும் அதற்கு மேலே சிரியஸும் தெளிவாகத் தெரியும். அந்த இரண்டையும் இணைக்கும் கற்பனைக் கோட்டைப் புள்ளி கடக்கும் கணத்தில் ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். கோட்டில் எந்த இடம், பாதியா மூன்றில் ஒரு பங்கா என்று குறியுங்கள். பிறகு கைபேசியின் நெட்வொர்க் நேரத்தோடு ஒப்பிட்டு விநாடியைக் கணக்கிடுங்கள். தாழ்வான சுற்றுப்பாதையில் ஒரு விநாடிக்கு ஏழரை கிலோமீட்டர் ஓடும் பொருள் அது; ‘ஏழே கால் வாக்கில்’ என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நடுவானில் சட்டென்று மறைந்தால் அந்த இடத்தையும் எழுதுங்கள். பூமியின் நிழலுக்குள் அது நுழைந்த இடம் அதுதான். உயரத்தைக் கணிக்க உதவும்.

உங்கள் குறிப்பை ஹெவன்ஸ்-அபவ் பட்டியலோடு ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். பாதை அப்படியே பொருந்தி, நேரம் மட்டும் சில விநாடி முன்பின் இருந்தால் அநேகமாக அதே பொருள்தான். பட்டியலின் தரவு பழையது. பாதையே சில பாகை விலகினால் அது வேறொன்று.

அமெரிக்கா தன் ரகசியச் செயற்கைக்கோள்களின் சுற்றுப்பாதையை வெளியிடுவதில்லை. அந்த இடைவெளியை ஆர்வலர்களின் அளவீடுகளே நிரப்புகின்றன. 2005இல் தொடர்பு அறுந்த நாசாவின் இமேஜ் செயற்கைக்கோள் உயிரோடிருப்பதை 2018இல் ரேடியோ சமிக்ஞை மூலம் கண்டறிந்தவர் கனடாவின் ஸ்காட் டில்லி என்ற ஆர்வலர்தான். ரகசியச் செயற்கைக்கோள் ஒன்றைத் தேடும்போது அகப்பட்டது அது.

அடுத்த சில மாலைகளில் அதே நேரத்தை ஒட்டி மறுபடி பாருங்கள். வெவ்வேறு நாளில் விநாடியோடு குறித்த இரண்டு இடங்களை அனுப்பினால் சேர்ந்தே தேடிப் பார்ப்போம்.