வாசகர் கேள்வி – பதில்: ஹொக்கி அரங்கில் முதல் மாலை

கேள்வி: கனடாவுக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பதினொரு வயது மகன் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் ஆட்டத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று குளிர்காலம் தொடங்கியதிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறான். எனக்கோ ஐஸ் ஹொக்கியைப் பற்றி ஒன்றுமே தெரியாது. நுழைவுச்சீட்டு விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. போகத்தான் வேண்டுமா?
– ஒரு தாய், ஸ்காபரோ

பதில்: கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள், அம்மா. ஆனால் முதல் ஆட்டமே மேப்பிள் லீஃப்ஸ் ஆட்டமாக இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த அணி 1967க்குப் பிறகு, ஐஸ் ஹொக்கியின் உச்சப் பரிசான ஸ்டான்லி கிண்ணத்தை வென்றதில்லை என்றாலும், தலைமுறை தலைமுறையாக இந்த நகரம் அதைக் கைவிடவில்லை. அதனால்தான் அது ஆடும் ஸ்கோஷியாபாங்க் அரங்கில் இடம் கிடைப்பது அரிதாகவும் விலை உயர்வாகவும் இருக்கிறது. அதே நகரில், எக்ஸிபிஷன் பிளேஸில் உள்ள கொக்கா கோலா கொலிசியத்தில், லீஃப்ஸின் துணை அணியான மார்லீஸ் விளையாடுகிறது. பெரிய அணியில் இடம்பிடிக்கக் காத்திருக்கும் இளைஞர்கள் உயிரைக் கொடுத்து ஆடுவதை மிகக் குறைந்த செலவில் அங்கே காணலாம். தொழில்முறை மகளிர் அணியான செப்டர்ஸும் அங்கேதான் ஆடுகிறது. அந்த அணி ஆடும் மகளிர் லீக்கின் முதல் ஆட்டம் 2024 ஜனவரி 1ஆம் திகதி இதே ரொறன்ரோவில், பழைய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் கட்டடத்தில் நடந்தது. 1931இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இன்று பலசரக்குக் கடை இருக்கிறது, மேலே பனித்தளம் இருக்கிறது. ஒருநாள் அரிசி வாங்கப் போகும்போது மகனுக்கு அதையும் காட்டுங்கள். கொலிசியத்துக்குக் காரில் போய் வாகனத் தரிப்பிடத்துக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. கில்ட்வுட் அல்லது எக்ளின்டன் நிலையத்தில் கோ (GO) புறநகர் ரயில் ஏறி யூனியன் வந்து, அங்கிருந்து மேற்கே அடுத்த நிறுத்தமான எக்ஸிபிஷனில் இறங்கினால் போதும்.

இருக்கை பற்றி என் கருத்து பலருடைய கருத்துக்கு மாறானது. தடுப்புக் கண்ணாடியை ஒட்டிய கீழ்வரிசையே சிறந்தது என்பார்கள். 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்ட பனித்தளத்தின் மறுமுனையில் நடப்பது அங்கிருந்து சரியாகத் தெரியாது. முதன்முறை பார்ப்பவருக்கு ஆட்டத்தின் வடிவம் பிடிபட வேண்டுமானால் மேல்வரிசையே நல்லது, விலையும் குறைவு. உள்ளே குளிர் இருக்கும் என்பதால் ஸ்வெட்டர் அவசியம். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது இருக்கையை விட்டு எழுந்து நடக்கக் கூடாது என்பது இங்குள்ள மரியாதை. நடுவரின் விசில் ஒலிக்கும் வரை, உள்ளே வருபவர்களைப் பணியாளர்கள் படிக்கட்டின் மேலேயே நிறுத்தி வைப்பார்கள். அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒன்றை மட்டும் மகனிடம் அழுத்திச் சொல்லுங்கள். 'பக்' எனப்படும் அந்தக் கறுப்பு வட்டு கெட்டியான ரப்பரால் ஆனது. 160 கிராம் அளவு எடை கொண்டது. துள்ளாமல் வழுக்கிச் செல்ல வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன் உறையவைக்கப்படுவது. 2002 மார்ச்சில் கொலம்பஸ் நகர அரங்கில், பார்வையாளர் பகுதிக்குள் பறந்து வந்த பக் பட்டு 13 வயதுச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். அதன் பின்னரே என்எச்எல் எனப்படும், லீஃப்ஸ் ஆடும் தேசிய ஹொக்கி லீக்கின் அரங்குகள் எல்லாவற்றிலும் கோல்களுக்குப் பின்னால் இருப்பவர்களைக் காக்க வலை கட்டுவது கட்டாயமாயிற்று. பக்கவாட்டில் அந்த வலை இல்லை. ஆகவே அங்கே அமர்ந்தால் கைத்தொலைபேசியைப் பையில் வைத்துவிட்டு ஆட்டத்தைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: தொலைக்காட்சியில் பக் எங்கே போகிறது என்றே என் கண்ணுக்குத் தெரிவதில்லை. நேரில் பார்த்தால் தெரியுமா?
– ஒரு மாணவர், மார்க்கம்

பதில்: பக்கைத் தேடாதீர்கள், வீரர்களைப் பாருங்கள், அவர்களுடைய உடல் திரும்பும் திசையே பக் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடும். நான் 1990களில் முதன்முறை சென்றபோது முதல் இருபது நிமிடம் பக்கைத் துரத்தியே களைத்துப்போனேன். பிறகு அருகில் இருந்த முதியவர் ஒருவர், வீரர்கள் மாறுவதைக் கவனி என்று கை காட்டினார். ஏறத்தாழ முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை, ஆட்டம் நிற்காமலேயே, களைத்தவர்கள் தடுப்பைத் தாண்டித் தம் அணியின் இருக்கைக்குத் திரும்ப, புதியவர்கள் பனித்தளத்துக்குப் பாய்கிறார்கள். தொலைக்காட்சிச் சட்டகத்துக்குள் அடங்காத இந்த ஓயாத மாற்றம்தான் ஹொக்கியின் வேகத்துக்குக் காரணம் என்பதை அன்று புரிந்துகொண்டேன்.

விதிகளில் மூன்று போதும். எதிரணியின் பகுதி தொடங்கும் இடத்திலுள்ள நீலக்கோட்டைப் பக் கடப்பதற்கு முன் தாக்கும் அணியினர் எவரும் அதைக் கடக்கக் கூடாது, கடந்தால் ஆஃப்சைட். தன் பாதியிலிருந்து எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் பக்கை வெறுமனே அடித்துத் தள்ளினால் ஐசிங். சிறு தவறு செய்தவர் 2 நிமிடம் தண்டனைப் பெட்டியில் அமர, அவருடைய அணி ஓர் ஆள் குறைவாக ஆடும்; எதிரணிக்குக் கிடைக்கும் அந்த வாய்ப்புதான் பவர் பிளே, அப்போது அரங்கமே இருக்கை நுனிக்கு வந்துவிடும். 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளுக்கு இடையே வரும் இடைவேளையில் உணவு வரிசைக்கு ஓடாமல் சற்று அமர்ந்திருங்கள். ஸாம்போனி வண்டி கீறல் விழுந்த பனியைச் சீவி, அதன்மேல் வெந்நீரைப் பரப்பிச் செல்லும். வெந்நீர் பழைய பனியின் மேற்பரப்பைச் சற்றே உருக்கி அதனோடு ஒன்றாக உறைவதால்தான் தளம் கண்ணாடிபோல் ஆகிறது. ஒரு கோல் செல்லுமா என்ற ஐயம் எழுந்தால், என்எச்எல் ஆட்டம் எந்த நகரில் நடந்தாலும், ரொறன்ரோவிலுள்ள லீக்கின் காணொளி அறையிலிருந்தே அது ஆராயப்படுகிறது.

கேள்வி: வீரர்கள் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஆறு வயது மகளை அழைத்துப் போகலாமா?
– ஒரு தந்தை, ஏஜாக்ஸ்

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது. என்எச்எல்லில் சண்டையிட்டவர்களுக்கு 5 நிமிடத் தண்டனை உண்டு, ஆனாலும் நடுவர்கள் பெரும்பாலும் ஒருவர் கீழே விழும்வரை குறுக்கிடுவதில்லை. கூட்டமும் எழுந்து ஆரவாரம் செய்யும். அந்த ஆரவாரம் எனக்கு இன்றுவரை உவப்பாக இல்லை. மகளிர் ஆட்டத்தில் சண்டை மிக அரிது, மோதலும் வேகமும் குறைவில்லை. அங்கே அழைத்துச் செல்லுங்கள். தன்னைப்போன்ற பெண் பிள்ளைகள் செப்டர்ஸ் சட்டை அணிந்து கண்ணாடியருகே ஓடி நிற்பதை உங்கள் மகள் பார்ப்பாள். ஒருவரே ஓர் ஆட்டத்தில் மூன்றாவது கோலையும் அடித்து, அதைக் கொண்டாடப் பார்வையாளர்கள் தொப்பிகளைப் பனித்தளத்தில் எறியத் தொடங்கினால், அவள் தலையில் இருப்பதையும் எறியச் சொல்லுங்கள்.