3 டன்னுக்குச் சோதித்த 2 டன் செயின் பிளாக்

கேள்வி: கோவை குறிச்சியில் ஏழு பேர் வேலை செய்யும் பிரஸ் பட்டறை நடத்துகிறேன். 2 டன் செயின் பிளாக் (கைச்சங்கிலியை இழுத்துப் பளு தூக்கும் கருவி) ஒன்றைப் பழையதாக வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் வரும் டை (பிரஸ்ஸில் பொருத்தும் அச்சு) இரண்டரை டன் இருக்கும் என்கிறார்கள். “3 டன்னுக்கு டெஸ்ட் செய்த சரக்கு, தாராளமாகத் தாங்கும்” என்று சொல்லி, விற்றவர் சான்றிதழையும் காட்டுகிறார். தூக்கலாமா?

பதில்: தூக்காதீர்கள். 3 டன் பிளாக் ஒன்றை வாடகைக்கு எடுங்கள்.

விற்றவர் சொன்னதில் பாதி உண்மை. செயின் பிளாக்கில் குறித்த சுமையைப்போல் ஒன்றரை மடங்கைத் தொங்கவிட்டுச் சோதித்துப் பார்ப்பது தயாரிப்பாளர்களின் வழக்கம். வெல்டிங்கில் கோளாறு உண்டா, கொக்கி சரியாகப் பதம் ஏறியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க, புதுப் பிளாக்கில், மெதுவாகச் செய்யும் சோதனை அது. பரீட்சையில் ஒருநாள் ஓடிக் காட்டிய வேகத்தில் தினமும் ஓடு என்று யாரும் சொல்வதில்லை. சங்கிலி அறுபடும் சுமை இன்னும் மேலே, குறித்த சுமையின் நாலு மடங்குக்கு அருகில் இருக்கும். அந்த மிச்சத்தைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். திடீரென்று ஏற்படும் குலுக்கல், சாய்த்து இழுப்பது, தேய்மானம், துரு எல்லாமே அந்த மிச்சத்தைத்தான் தின்கின்றன. உங்கள் பிளாக் பழையது. எவ்வளவு தின்றிருக்கிறது என்பது விற்றவருக்கும் தெரியாது.

முதலில் டையின் எடையை நீங்களே கணக்குப் போடுங்கள். “இருக்கும் என்கிறார்கள்” என்பது எடை ஆகாது. எஃகு ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம். 100 செ.மீ. நீளம், 80 அகலம், 40 உயரம் உள்ள கட்டியான டை சுமார் 2,500 கிலோ வரும். டை லாரியில் வந்தால் எடைமேடைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது அந்தச் சான்றிதழ். இதைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபம் வராமல் இருந்ததில்லை. பிளாக்கைக் கண்ணால்கூடப் பார்க்காமல், போனில் வரிசை எண்ணைக் கேட்டு, சாயங்காலத்துக்குள் முத்திரையோடு காகிதம் கொடுக்கும் தரகர்கள் இருக்கிறார்கள். ஒரே வரிசை எண்ணுள்ள சான்றிதழை இரண்டு வெவ்வேறு பட்டறைகளின் கோப்பில் நானே பார்த்திருக்கிறேன். ஒன்றில் பிளாக்கின் உடம்பில் எண்ணே இல்லை. அரைத்துவிட்டுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். தூக்கும் கருவிகளை 12 மாதத்துக்கு ஒருமுறையாவது அங்கீகாரம் பெற்ற ஆய்வாளர் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்பது 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவிலிருந்தே இருக்கும் விதி. நடப்பது என்ன? கோப்பில் காகிதம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அண்ணாந்து கொக்கியைப் பார்ப்பதில்லை. ஏழு பேர் வேலை செய்யும் உங்கள் பட்டறைக்கோ, ஆள் கணக்கைக் காட்டி, யாரும் வருவதே இல்லை. விழும் டைக்கு ஆள் கணக்கு தெரியுமா?

ஆகவே உடம்பில் குத்திய எண்ணும் சான்றிதழின் எண்ணும் ஒன்றா, சோதித்தவரின் பெயரும் அங்கீகார எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு அந்த ஆளுக்கே போன் செய்து, “இந்தப் பிளாக்கை எங்கே வைத்துப் பார்த்தீர்கள்?” என்று கேளுங்கள். பதிலில் தெரிந்துவிடும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதைத் தப்பாகப் புரிந்துகொள்பவர்களே அதிகம் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். டையை முழுவதும் தூக்காமல், ஒரு விளிம்பை மட்டும் கொஞ்சம் உயர்த்தி அடியில் உருளைக் குழாய் செருகுவதாக இருந்தால், மறு விளிம்பு தரையில் இருக்கும்வரை பிளாக்கில் விழுவது ஏறக்குறைய பாதி எடைதான். இரண்டரை டன்னில் ஒன்றேகால். 2 டன் பிளாக் போதும். ஆனால் டையின் கனம் இரு பக்கமும் சமமாக இருந்தால்தான் அது பாதி. மேல்பாகம் ஒரு பக்கம் கனமாக இருந்து, அந்தப் பக்கத்தை நீங்கள் தூக்கினால், பாதிக்கு மேல் வரும். தரையிலுள்ள விளிம்பு வழுக்காமல் முட்டுக்கட்டை வேண்டும். அந்த விளிம்பு ஒரு விரற்கடை எழும்பினாலும் பாதி என்ற கணக்கு அந்த நொடியே முடிந்தது. மொத்த எடையும் பிளாக்கின் மேல். உருளை செருகும்போது கையை உள்ளே விடாமல் கட்டையால் தள்ளுங்கள்.

ஸ்லிங் (டையைக் கொக்கியில் மாட்டும் இரட்டைக் கயிறு அல்லது சங்கிலி) போடும்போது அதன் இரண்டு கால்களையும் அகல விரிக்காதீர்கள். கால்களுக்கு நடுவே 120 பாகை வந்தால் ஒவ்வொரு காலும் முழு எடையையும் சுமக்கிறது. 60 பாகைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பிளாக்கைக் கூரைச் சட்டத்தின் ஆங்கிளில் (L வடிவ இரும்புப் பட்டை) மாட்டாதீர்கள். அது தகரத்தைத் தாங்கப் போட்டது.

பிளாக்கின் உள்ளே சுமையைப் பிடித்து நிறுத்தும் பிரேக் பக்கம் எண்ணெய் விடவே கூடாது. சங்கிலி கனமாக ஓடுகிறது என்று ஒரு பட்டறையில் பையன் ஒருவன் இன்ஜின் ஆயிலை உள்ளே ஊற்றியிருந்தான். உராய்வுத் தட்டுகள் நனைந்து, தொங்கிக்கொண்டிருந்த மோட்டார் யாரும் தொடாமலேயே இறங்கிவந்ததை நான் நின்று பார்த்தேன். அடியில் ஆள் இல்லாதது அதிர்ஷ்டம்.

3 டன் பிளாக் வந்ததும், கைச்சங்கிலியை ஒருவர் மட்டும் இழுங்கள். இரண்டாவது ஆள் கைகொடுக்க வேண்டியிருந்தால் ஏதோ தவறு, நிறுத்துங்கள். ஏறும்போது உள்ளே டக் டக் என்று பல்சக்கரத்தின் மேல் நாக்கு விழும் ஓசை கேட்க வேண்டும். டை தரையை விட்டு 10 சென்டிமீட்டர் எழுந்ததும் கையை எடுத்துவிட்டு, பக்கத்தில் நிறுத்திய கட்டையில் டையின் அடிமட்டத்துக்குச் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஐந்து நிமிடம் பாருங்கள். டை கோட்டைவிட்டுக் கீழே வந்திருந்தால், இறக்கி வைத்துவிட்டு பிளாக்கை வந்த வழியே திருப்பி அனுப்புங்கள்.