பழைய கணினியிலிருந்து புதியதற்கு மெயில்: கேள்வி பதில்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்தியது. அதை ஒட்டிக் கணினி மாற்றியவர்கள் நிறையப் பேர். வந்த கேள்விகளை வரிசையாக எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முன் ஒன்று: பழைய கணினியில் இருப்பதைக் காப்பி செய்யுங்கள், கட் செய்யாதீர்கள். புதியதில் ஒரு மாதம் வேலை பார்த்த பிறகு பழையதை ஃபார்மேட் செய்யலாம்.

திருப்பூர், ஏற்றுமதி அலுவலகம்: அவுட்லுக்கில் பன்னிரண்டு வருட மெயில் இருக்கிறது. புதிய லேப்டாப்பில் அக்கவுண்ட் போட்டால் தானாக வந்துவிடுமா?

உங்கள் அக்கவுண்ட் எந்த வகை என்று முதலில் பாருங்கள். அக்கவுண்ட் செட்டிங்ஸில் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஐமேப் என்றால் மெயில் சர்வரில் இருக்கிறது, தானாக வரும். பாப் என்றால் சர்வரிலிருந்து இறக்கி உங்கள் கணினியில் வைத்துவிட்டது. சர்வரில் நகல் விடாதபடி வைத்திருந்தால் உலகத்திலேயே ஒரே பிரதி உங்கள் மேஜையில் இருக்கிறது. பன்னிரண்டு வருட ஆர்டரும் பில்லும் ஒரே கோப்பில், அவுட்லுக் மெயிலைச் சேமித்து வைக்கும் பிஎஸ்டி கோப்பில்.

அதே செட்டிங்ஸில் டேட்டா ஃபைல்ஸ் பக்கத்துக்குப் போய், ஓப்பன் ஃபைல் லொகேஷனை அழுத்தினால் கோப்பு இருக்கும் ஃபோல்டர் திறக்கும். பெரும்பாலும் டாக்குமெண்ட்ஸுக்குள் அவுட்லுக் ஃபைல்ஸ். ஆர்க்கைவ் என்று இன்னொரு கோப்பும் இருக்கலாம், அதை விட்டுவிடாதீர்கள். அவுட்லுக்கை மூடிவிட்டுக் காப்பி செய்யுங்கள். பென்டிரைவில் எவ்வளவோ இடம் இருந்தும் கோப்பு பெரிது என்று மறுத்தால், அது ஃபேட்32 வடிவில் இருக்கிறது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. பென்டிரைவில் இருப்பதை எடுத்து வைத்துவிட்டு, எக்ஸ்ஃபேட் வடிவில் ஃபார்மேட் செய்தால் போதும்.

புதிய கணினியில் கோப்பை முதலில் ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். பிறகு பழைய பாணி அவுட்லுக்கில், அதாவது கிளாசிக்கில், ஓப்பன் அவுட்லுக் டேட்டா ஃபைல் மூலம் திறங்கள். பென்டிரைவிலிருந்தே திறந்து வேலை பார்க்க வேண்டாம். இம்போர்ட்டை இரண்டு முறை ஓட்டி எல்லா மெயிலும் இரண்டிரண்டாக வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், திறப்பதே நல்லது.

சென்னை, தனியார் நிறுவனம்: என் கோப்பு ஓஎஸ்டி என்று முடிகிறது. அதையும் எடுத்துப்போகவா?

வேண்டாம். அது சர்வரில் இருப்பதன் நகல். இன்னொரு கணினியில் நேரடியாகத் திறக்காது. அக்கவுண்டைப் போட்டால் புதிதாக உருவாகும். ஃபோல்டர் பட்டியலில் கணினியில் மட்டும் இருப்பவை உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அவை சர்வரில் இருக்காது.

மதுரை, கல்லூரி ஆசிரியர்: நான் பார்ப்பது தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில். அதை எப்படி மாற்றுவது?

இருப்பதிலேயே சுலபம். ஹெல்ப், டிரபுள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன், அதில் ப்ரொஃபைல் ஃபோல்டர். தண்டர்பேர்டை மூடிவிட்டு அந்த ஃபோல்டரை முழுதாக எடுத்துப்போங்கள். மெயில், முகவரி, சேமித்த கடவுச்சொல் எல்லாம் அதற்குள். எம்எஸ்எஃப் என்று முடிபவை வெறும் அட்டவணை, அழிந்தாலும் மறுபடி உருவாகும். நீட்டிப்பே இல்லாமல் இன்பாக்ஸ் என்று சும்மா இருக்கும் கோப்புதான் உயிர்.

தூத்துக்குடி: விண்டோஸ் எக்ஸ்பி கணினி, அவுட்லுக் எக்ஸ்பிரஸ். இன்னும் ஓடுகிறது.

ஓடும்போதே செய்துவிடுங்கள். எக்ஸ்பியில் இயங்கும் கடைசி தண்டர்பேர்ட் 52. அதை அங்கேயே நிறுவி, அவுட்லுக் எக்ஸ்பிரஸிலிருந்து இம்போர்ட் செய்து, ப்ரொஃபைலைக் கொண்டுபோங்கள். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் மெயிலை வைத்திருக்கும் டிபிஎக்ஸ் கோப்புகளையும் தனியாக ஒரு காப்பி வையுங்கள்.

டொரன்டோ: அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து 2001 முதல் எழுதிய மெயில்கள். புதிய கணினிக்குக் கொண்டுவந்ததும் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாக இருக்கிறது. கெட்டுப்போய்விட்டதா?

இல்லை, ஒரு எழுத்தும் கெடவில்லை. அப்பா பாமினியில் எழுதியிருக்கிறார். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த எழுத்துரு. அது இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி என்று தெரியும். ஜே இருக்குமிடத்தில் த, கே ம, பி இகரக் கொம்பு, ஓ ழ, அரைப்புள்ளி இருக்குமிடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி. எந்த மெயிலையாவது திறந்து அரைப்புள்ளிகளைத் தேடுங்கள்; சொல்லுக்குச் சொல் வந்தால் பாமினிதான். மேலே கோடும் புள்ளியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் அது திஸ்கி என்ற இன்னொரு பழைய தமிழ்க் குறியாக்கமாக இருக்கும், வேறு கதை.

பொங்குதமிழ் அல்லது என்எச்எம் என்ற எழுத்து மாற்றியில் ஒரு கடிதத்தை ஒட்டிப் பாருங்கள், இன்றைய கணினியும் ஃபோனும் தமிழாகவே புரிந்துகொள்ளும் யூனிகோடாக வந்துவிடும்.

சிங்கப்பூர்: எதற்கு மாற்ற வேண்டும்? பாமினியை நிறுவினால் போதாதா?

படிக்க மட்டும் என்றால் போதும். ஆனால் அவர் அப்பா எழுதிய ‘கிணறு’ என்ற சொல்லைத் தேடினால் எதுவும் கிடைக்காது. தேடுபொறிக்கு அது ஆங்கில எழுத்துக் கோவைதானே. பேரப்பிள்ளைகளின் ஃபோனிலும் தெரியாது.

சிங்கப்பூர் மீண்டும்: அப்படியானால் இன்பாக்ஸ் கோப்பையே மொத்தமாக மாற்றியில் போட்டு, பழையதை அழித்துவிடலாமே.

தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். அந்தக் கோப்பில் அனுப்பியவர், தேதி, பொருள் என்ற தலைப்பு வரிகள் எல்லாம் ஆங்கிலம். மாற்றிக்கு அது ஆங்கிலமா பாமினியா என்று தெரியாது, அத்தனையையும் தமிழாக்கிவிடும். இணைப்பாக வந்த புகைப்படமும் உள்ளே ஆங்கில எழுத்து, எண் வடிவில்தான் கிடக்கிறது, அதுவும் போகும். மெயில் மென்பொருளால் எங்கே ஒரு கடிதம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்றே கண்டுபிடிக்க முடியாது. திஸ்கியில் ஆங்கிலம் ஆங்கிலமாகவே இருக்கும், அங்கே ஆபத்து குறைவு. பாமினியில் அப்படி இல்லை.

கொழும்பு: கடிதம் கடிதமாக மாற்றினாலும் நடுவில் வரும் ஆங்கிலப் பெயர்கள் கெடுகின்றனவே.

கெடும். அதனால்தான் மூலம் வேண்டும் என்கிறேன். மாற்றிய பிரதி படிக்கவும் தேடவும், மூலக் கோப்பு சந்தேகம் தீர. இரண்டும் சேர்ந்து சில நூறு எம்பிதான் வரும். இன்னொன்று: பழைய தமிழ் மெயிலைப் புதிய முகவரிக்கு ஃபார்வர்ட் செய்து கொண்டுபோகாதீர்கள். திஸ்கி எழுத்துகள் வழியில் கேள்விக்குறியாகிவிட்டால் மீட்க வழியே இல்லை. கோப்பையே எடுத்துப்போங்கள்.

சேலம்: ஜிமெயிலை குரோமில்தான் பார்க்கிறேன். என்ன எடுத்துப்போவது?

ஒன்றும் வேண்டாம். கடவுச்சொல்லும் பதிவு செய்த ஃபோன் எண்ணும் கையில் இருக்கட்டும்.

நாகர்கோவில்: ஜிமெயிலைக் கணினியில் பார்க்கிறேன், எப்படி மாற்றுவது?

சேலத்துக்குச் சொன்னதுதான். இதே கேள்வி இன்னும் ஐந்து பேரிடமிருந்து வந்திருக்கிறது, எல்லோருக்கும் அதே பதில்.

ஈரோடு: அவுட்லுக்கில் மெயிலின் கீழே வரும் கையொப்பம் வரவில்லை.

அது பிஎஸ்டிக்குள் இல்லை. ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட், சிக்னேச்சர்ஸ். மறைந்திருக்கும் ஃபோல்டர், அதை அப்படியே காப்பி செய்யுங்கள்.

திருச்சி: பிஎஸ்டி ஒன்டிரைவில் இருக்கலாமா? அலுவலக சர்வரில்?

இரண்டிலும் வேண்டாம். திறந்திருக்கும் பிஎஸ்டி ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும். நெட்வொர்க் ஒரு நொடி அறுந்தால் கோப்பு பழுதாகலாம். பேக்கப்பாக மூடிய நகலை வையுங்கள்.

வேலூர்: கடைக்காரர் கேட்காமலே பழைய கணினியை ஃபார்மேட் செய்துவிட்டார். பாப் அக்கவுண்ட்.

ரொம்ப வருத்தமாக இருக்கிறது. அந்தக் கணினியை இப்போதே அணைத்துவிடுங்கள், எதுவும் நிறுவ வேண்டாம். ஹார்ட் டிஸ்க் என்றால் மேலே புதிதாக எழுதப்படாத பகுதிகளை மீட்க முடியும். டேட்டா ரெக்கவரி செய்கிறவர்களிடம் டிஸ்கைக் கழற்றிக் கொடுங்கள். எஸ்எஸ்டி என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. அதற்குள் உங்கள் வெப்மெயிலில் நுழைந்து பாருங்கள். அவுட்லுக்கில் சர்வரில் 14 நாள் நகல் விடும் அமைப்பு உண்டு, அது போட்டிருந்தால் கடைசி இரண்டு வாரமாவது அங்கே இருக்கும். இன்றே பாருங்கள்.