நான்கு சாக்சபோன் மட்டும் வைத்து ஒரு மாலையை ஓட்ட முடியுமா?

"திருமண வரவேற்புக்கு ஒரு சாக்சபோன் நால்வர் குழுவைப் பேசியிருக்கிறோம். கச்சேரி, ஒலிப்பதிவு, பயிற்சி மூன்றும் செய்வார்களாம். டிரம்ஸ், கீபோர்டு எதுவும் கிடையாது. கேட்பவர்களுக்குச் சலிக்காதா?" என்பது உங்கள் கேள்வி.

பிரான்சில் ஒரு சிறு நகரத்து அமெச்சூர் குழுவில் ஏழு ஆண்டுகளாக, நான்கில் ஆகக் கனத்த குரலுள்ள பாரிடோன் சாக்சபோன் வாசிக்கிறேன். அதனால் பதில் கொஞ்சம் பாரிடோன் பக்கம் சாயும்.

சலிக்காது. நம்மில் பலருக்குச் சாக்சபோன் என்றதும் கத்ரி கோபால்நாத்தின் ஆல்டோ சாக்சபோன்தான் காதில் கேட்கும். ஆனால் அடோல்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிஸில் காப்புரிமை வாங்கியபோதே அதை ஒரு குடும்பமாகத்தான் பதிவு செய்தார். அதில் மேல் சுருதியிலிருந்து கீழாகச் சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பாரிடோன் நான்கும் சேர்ந்தால் தேவாலயப் பாடகர் குழுவின் நான்கு குரல்களும் வந்துவிடும். ஜெர்மன் இசைமேதை பாக் முதல் ஜாஸ் வரை எதையும் பிரித்து எழுதிக்கொள்ளலாம். இந்த வடிவத்துக்கென்றே எழுதப்பட்டவையும் உண்டு. பிரெஞ்சு சாக்சபோன் கலைஞர் மார்செல் மூல் 1928இல் தொடங்கிய குழுவுக்காக ரஷ்ய இசையமைப்பாளர் கிளாசுனோவ் 1932இல் ஒரு நால்வர் இசை எழுதினார். ராஷர் என்ற சாக்சபோன் நால்வர் குழுவுக்காக அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ் 1995இல் எழுதியதை ஆர்கெஸ்ட்ராவோடும் வாசிக்கலாம், நால்வர் மட்டுமாகவும் வாசிக்கலாம். டிரம்ஸ் இல்லாத குறையைப் பாரிடோன் பார்த்துக்கொள்ளும். ஊதும் முனையில் அதிரும் மெல்லிய நாணல் பட்டையான ரீடை நாக்கால் இழுத்து அறைந்தால் 'டப்' என்று தாளக்கருவி போலவே விழும்.

சலிப்பைவிடக் குளிருக்குத்தான் நீங்கள் பயப்பட வேண்டும். ஒரு டிசம்பரில், சூடேற்றாத கல் தேவாலயத்தில் வாசித்தோம். குழாய்க்குள் காற்று குளிர்ந்திருந்தால் சுருதி இறங்கும். சொப்ரானோ சிறியது, நாலு ஊது ஊதினால் சூடாகிவிடும். என்னுடையதோ சுருட்டி வைத்த நீளக்குழாய். முதல் உருப்படி முடியும்வரை சில்லென்றே இருந்தது. சுருதியை ஏற்ற, ஊதும் முனையான மவுத்பீஸைக் கழுத்துக் குழாயின் கார்க்கில் போகும்வரை உள்ளே தள்ளியும் நான் கீழேயே நின்றேன். மற்ற மூவரும் கடைசியில் உதட்டைத் தளர்த்தி என்னிடம் இறங்கி வந்தார்கள். கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு இன்னும் கூச்சம்தான்.

ஒலிப்பதிவில் வேறொரு வம்பு. ஒரு ஸ்டூடியோவில் என் கருவியின் பெரிய வாய்க்குள்ளேயே மைக்கைச் சொருகிவிட்டார்கள். சாக்சபோனில் ஒலி அந்த வாய் வழியாக மட்டும் வருவதில்லை. திறந்திருக்கும் துளைகளிலிருந்துதான் பெரும்பாலான ஸ்வரங்கள் பிறக்கின்றன. எல்லாத் துளைகளும் மூடிய அடிமட்ட ஸ்வரம்தான் முழுக்க வாய் வழியே வரும். விளைவு, அந்த ஒரு ஸ்வரம் இடி மாதிரி, மற்றவை பக்கத்து வீட்டில் வாசிப்பது மாதிரி. நால்வரையும் வளைவாக உட்காரவைத்து, சற்றுத் தள்ளி இரண்டு நல்ல மைக் வைத்தாலே போதும் என்பேன். நாங்கள் மூச்செடுப்பது பதிவில் கேட்கும், பரவாயில்லை. தாளம் போட ஆள் இல்லாத குழு அந்த மூச்சைப் பார்த்துத்தான் சேர்ந்து தொடங்குகிறது.

பயிற்சி பற்றி ஒரு வரி. நான்கிலும் விரல் வைப்பு ஒன்றேதான். ஆல்டோவில் கற்ற பிள்ளை பாரிடோனுக்கு மாறினால் புதிதாகப் பழக வேண்டியது மூச்சும் உதடும்தான். நாதஸ்வரச் சீவாளி இரட்டை ரீட், இதில் ஒற்றை ரீட். அதனால் நாதஸ்வரம் வாசிப்பவர் வந்தாலும் உதட்டைப் புதிதாகப் பழக்க வேண்டியிருக்கும்.

குழுவிடம் பாடல் பட்டியல் கேட்பதற்கு முன், உங்கள் மண்டபத்தில் ஏசி காற்று மேடைமேல் நேராக அடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அப்புறம், கைப்பிடி இல்லாத நாற்காலி நான்கு. டெனரும் பாரிடோனும் வலது தொடையோரம் தொங்க இடம் வேண்டும். வரவேற்பு மேடையில் கிடக்கும் சிம்மாசன நாற்காலியில் எங்களை உட்காரவைத்தால் ஒரு ஸ்வரம்கூட வராது.