அந்த அக்கா ஏன் மகளை அனுப்பவில்லை?

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் செட்டிநாட்டுப் பலகாரம் செய்து விற்கிறோம். ஆத்தா தொடங்கிய தொழில். அவர் காலமான பிறகு சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து நான் நடத்துகிறேன். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். கல்யாணச் சீருக்கு ஆர்டர் குவிகிறது. செய்ய ஆள் இல்லை. ஒரு வருடத்தில் நான்கு பேரைச் சேர்த்தேன். நாளுக்கு 550 ரூபாய், மதியச் சாப்பாடு. வீட்டுப் பிள்ளைகள் போலத்தான் வைத்துக்கொண்டேன். மூன்று மாதம் தாண்டி ஒருவரும் நிற்கவில்லை. ஆத்தா காலத்திலிருந்து 22 வருடமாக இருக்கும் அக்கா ஒருவர்தான் எல்லோருக்கும் வேலை சொல்லிக்கொடுக்கிறார். அவருடைய மகளைக் கேட்டேன். ஜவுளிக்கடையில் வாங்குவதைவிட அதிகம் தருவதாகவும் சொன்னேன். 'அவள் அங்கேயே இருக்கட்டும் தம்பி' என்று சொல்லிவிட்டார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உழைப்பு கசக்கிறது. நல்ல ஆட்களை எங்கே தேடுவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, ஜவுளிக்கடையில் பொழுதன்றைக்கும் வேலை பார்க்கிற பெண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே பிள்ளைகளுக்கு உழைப்பு கசக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதிய பிறகு ஒருமுறை படித்துப் பார்த்தீர்களா? முதலாளிகளிடமிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்த வரியோடுதான் முடிகிறது. அதை விடுவோம்.

நீங்கள் தேடுகிற பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 22 வருடம் உங்கள் அடுப்படியில் நின்றவர், உங்கள் கை எப்படிப்பட்டது, மனம் எப்படிப்பட்டது என்று அறிந்தவர், கூடுதல் பணம் கிடைக்கும் என்று தெரிந்தும் தன் மகளை உங்களிடம் அனுப்பவில்லை. இதை எப்படி ஒரு சின்னத் தகவலாக எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனீர்கள்? பெற்றவள் ஒருத்தி யோசித்துச் சொன்ன பதில் அது. ஊரில் வேறு யார் உங்களைப் பற்றி என்ன சொன்னாலும் நான் பொருட்படுத்த மாட்டேன். இவர் சொன்னதைத் தள்ள முடியாது.

இன்னொன்றும் கவனித்தேன். புதிதாக வந்தவர்களின் கூலியை எழுதியிருக்கிறீர்கள், சாப்பாட்டைக்கூட எழுதியிருக்கிறீர்கள். அக்காவின் கூலியை எழுதவில்லை. இப்படிப்பட்ட வீடுகளில் வழக்கமாக நடப்பது எனக்குத் தெரியும். பழைய ஆளுக்குத் தீபாவளிக்கு ஒரு சேலை, கூலியில் பத்தோ இருபதோ ஏற்றம். புது ஆளுக்கோ வெளியே என்ன விலையோ அதைக் கொடுத்தாக வேண்டும். ஒருநாள் இரண்டும் ஒன்றாகிவிடும். உங்கள் வீட்டில் அப்படி இல்லையென்றால் எழுதுங்கள், மகிழ்ச்சியோடு வெளியிடுகிறேன்.

கைமுறுக்குச் சுற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வெள்ளைத் துணியின் மேல் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மாவை முறுக்கிக்கொண்டே வட்டத்துக்கு வெளியே வட்டமாகப் போக வேண்டும். மாவில் ஈரம் கூடினால் முறுக்கு விழாது, குறைந்தால் அறுந்துவிடும். புதுப்பெண் சுற்றியதை அக்கா கலைத்து, பிசைந்து, மறுபடியும் அவள் கையில் கொடுப்பார். அவ்வளவு நேரமும் அக்காவின் சொந்த வேலை அப்படியே கிடக்கும். ஆர்டர் தேதி தள்ளிப்போகாதே! மற்றவர்கள் கிளம்பிய பிறகு உட்கார்ந்து அதை முடிப்பவர் அவர்தான். ஒரே வருடத்தில் நான்கு பேருக்கு இப்படிக் கற்றுக்கொடுத்திருக்கிறார். கற்றுக்கொடுத்ததற்கென்று தனியாக என்ன கொடுத்தீர்கள்?

அந்த நான்கு பேரும் மதியம் அவரோடு உட்கார்ந்துதான் சாப்பிட்டிருப்பார்கள். 'உங்களுக்கு எவ்வளவு அக்கா?' என்று முதல் வாரத்திலேயே கேட்டிருப்பார்கள். 22 வருடம் நின்றால் இந்த வீட்டில் என்ன கிடைக்கும் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. பிறகு ஏன் நிற்க வேண்டும்?

'வீட்டுப் பிள்ளைகள் போல' என்கிறீர்கள். அந்தச் சொல்லை எளிதாகச் சொல்லக் கூடாது என்று நினைப்பவர்களில் நானும் ஒருவர். வீட்டு மனுஷி என்றால் அவருடைய முதுமைக்கும் நீங்கள் பொறுப்பு. மத்திய அரசின் அடல் ஓய்வூதியத் திட்டம் 2015இல் வந்தது. 40 வயது வரை சேரலாம். அக்கா அந்த வயதைத் தாண்டியிருந்தால் உங்கள் வீட்டு அடுப்படியிலேயே தாண்டியிருப்பார். கொதிக்கிற எண்ணெய் முன்னால் நிற்பவருக்கு, வருடத்துக்கு 20 ரூபாயில் வங்கி வழியாக 2 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு இருக்கிறது. 70 வயது வரை சேரலாம். அதையாவது செய்திருக்கிறீர்களா? பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்பதால், வேலையை விட்டுப் போகும்போது கொடுக்க வேண்டிய பணிக்கொடை (கிராஜுவிட்டி) பற்றிய சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தாது. ஆனால் அந்தச் சட்டம் சொல்லும் கணக்கு, ஒரு வருடத்துக்கு 15 நாள் கூலி. 22 வருடத்துக்கு 330 நாள் கூலி. அதை உங்கள் ஆத்தா வைத்துப்போன கடனாக எழுதிக்கொள்ளுங்கள். தொழிலை எடுத்துக்கொண்டவர் கடனையும் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கடைக்கு ஆள் அனுப்பிய செட்டியார்கள், கப்பல் ஏறுவதற்கு முன்பே சம்பளச் சீட்டு எழுதினார்கள். மூன்று வருடம், இன்ன சம்பளம் என்று இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. பெட்டியடிப் பையன் என்ற எடுபிடியாகப் போனவன், இரண்டாம் நிலையான அடுத்தாளாகி, கடையை நடத்தும் மேலாளாகலாம். தனிக்கடை போட்டவர்களும் உண்டு. உங்கள் அடுப்படியில் முறுக்குச் சுற்ற வந்தவள் எதுவாக ஆகலாம் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா?

ஆகவே இப்போதைக்குப் புது ஆள் தேட வேண்டாம். ஒரு மாலையில் அக்காவின் வீட்டுக்குப் போங்கள். அவரை உங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பேசாதீர்கள். அங்கே நின்றால் 'சரி தம்பி' என்பதற்கு மேல் அவரால் பேச முடியாது. கூலியை மற்ற எல்லோரையும்விட உயர்த்துங்கள், மேலாள் என்ற பொறுப்பைக் கொடுங்கள், வார விடுமுறை கொடுங்கள், எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். அந்த 330 நாள் கூலியை அவர் பெயரில் வங்கியில் தவணையாகப் போடத் தொடங்குங்கள். இனி யாரைச் சேர்ப்பது என்று அவரே முடிவு செய்யட்டும். கற்றுக்கொடுக்கும் மாதங்களில் அவருடைய சொந்த வேலையைப் பாதியாகக் குறையுங்கள்.

மகளைப் பற்றிய பேச்சை எடுக்காதீர்கள். ஆள் பிடிக்க வந்திருக்கிறான் என்று அவருக்குத் தோன்றினால் நீங்கள் சொன்னது அத்தனையும் வீண்.

இதனால் தை மாத ஆர்டரில் பாதியைச் செய்ய முடியாமல் போகலாம். போகட்டும். முன்பணம் வாங்கியிருந்தால் இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கல்யாண வீட்டார் வேறு இடத்தில் சொல்லிக்கொள்ள நேரம் வேண்டும்.