மாலத்தீவில் ஆசிரியர் பணி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கணிதத்தில் எம்.எஸ்சி., பி.எட். முடித்து ஊரில் பணியாற்றிவிட்டு, அண்மையில் மாலத்தீவின் சிறிய தீவு ஒன்றில் உள்ள பள்ளியில் சேர்ந்திருக்கிறேன். நான் வகுப்புக்குள் நுழைந்தாலும் பிள்ளைகள் பேச்சை நிறுத்துவதில்லை. உட்கார்ந்தபடியே கேள்வி கேட்கிறார்கள். பாடம் நடக்கும்போதும் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். ஆசிரியர் என்ற மதிப்பே இல்லையோ என்று மனம் வலிக்கிறது. திரும்பி வந்துவிடலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: முதல் பருவத் தேர்வு முடியும் வரையாவது அந்த முடிவைத் தள்ளிவையுங்கள். அந்த நாட்டுப் பள்ளிகளில் பல ஆண்டுகள் கணிதம் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் காண்பது பெரும்பாலும் அவமதிப்பு அன்று. ஆசிரியரைக் கண்டதும் வகுப்பு எழுந்து நிற்பதையும் கப்சிப்பென்று அடங்குவதையுமே மரியாதையாகக் கொண்டு நாம் பழகிவிட்டோம். ஆனால், எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஒரு சிறு தீவில், காலையில் பாடம் நடத்திய ஆசிரியையை மாலையில் கடையிலும் படகுத்துறையிலும் பார்த்துப் பேசுகிற பிள்ளை, வகுப்பிலும் அதே இயல்போடுதான் பேசும்.

அந்தப் பேச்சைச் சற்றுக் காதுகொடுத்துக் கேளுங்கள். மாலத்தீவின் மொழியான திவேகியும் இஸ்லாமும் தவிர, ஏறத்தாழ எல்லாப் பாடங்களும் அங்கே ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. நமது ஆங்கில உச்சரிப்பு அவர்களுக்குப் புதிது. நமது வேகமோ அதிகம். நீங்கள் சொன்னதைப் பிடிக்க முடியாத பிள்ளை, பக்கத்தில் இருப்பவரிடம் திவேகியில் கேட்டுத் தெளிந்துகொள்கிறது. அதை அதட்டி நிறுத்தினால் வகுப்பு அமைதியாகும், பாடமும் அத்தோடு நின்றுபோகும்.

ஒரு பிள்ளையின் திவேகி நோட்டை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். நமக்குப் பின்னட்டையாகத் தெரிவதே அவர்களுக்கு முன்னட்டை. திவேகியை எழுதும் தானா எழுத்து வலமிருந்து இடமாகச் செல்ல, இடையில் வரும் எண்கள் மட்டும் இடமிருந்து வலமாக எழுதப்பட்டிருக்கும். ஒரு பாடவேளையில் ஒரு திசையிலும் அடுத்த பாடவேளையில் எதிர்த்திசையிலும் எழுதுகிற சின்னஞ்சிறு பிள்ளை, உங்கள் கரும்பலகையைப் பார்த்து எழுதச் சற்று நேரம் எடுத்துக்கொண்டால் அதை மந்தம் என்று எண்ணிவிடாதீர்கள். கணக்கின் ஒவ்வொரு படியையும் எழுதுங்கள். எழுதிய பின் காத்திருங்கள். பிறகு ஒரு பிள்ளையை அழைத்து அதே கணக்கை மற்றவர்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். மேல்வகுப்புகளில் அவர்கள் எழுதப்போகும் கேம்பிரிட்ஜ் தேர்வில் விடைக்கு மட்டுமன்றி வழிமுறைக்கும் மதிப்பெண் உண்டு என்பதால், இந்தப் பழக்கம் அவர்களுக்கு மிகவும் உதவும்.

கோபத்தில்கூடக் கை ஓங்காதீர்கள். 2019ஆம் ஆண்டின் குழந்தை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தருவதில்லை. சட்டம் இல்லாவிட்டாலும் அது வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி: மாலத்தீவில் வேலை வாங்கித் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். ஒப்பந்தத்தில் எவற்றைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: அந்த முகவர் பதிவு பெற்றவர்தானா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் முதலில் பாருங்கள். மூலச் சான்றிதழ்களை எவரிடமும் விட்டுவைக்காதீர்கள். எந்தத் தீவு, தங்குமிடம் யார் பொறுப்பு, விடுமுறைக்கு விமானக் கட்டணம் உண்டா ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். தலைநகர் மாலேயில் வாடகை மிக அதிகம் என்பதால், தங்குமிடம் பற்றிய வரி இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடவே கூடாது.

பலரும் கேட்க மறப்பது, சம்பளம் எந்த நாணயத்தில் என்பது. பெரும்பாலும் அந்நாட்டு நாணயமான ருஃபியாவில்தான் தருவார்கள். ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா என்பது அரசு வகுத்த உச்ச விகிதம். ஆனால் அந்த விகிதத்தில் டாலர் எளிதில் கிடைப்பதில்லை. வங்கி வழியாக மாதந்தோறும் ஊருக்கு அனுப்பும் தொகைக்கும் வரம்பு உண்டு, அந்த வரம்பு அவ்வப்போது மாறவும் செய்கிறது. வீட்டுக் கடன் தவணையை இந்தச் சம்பளத்தை நம்பித் திட்டமிடுபவர்கள், அங்கே இப்போது பணியில் இருக்கும் ஒருவரிடம் நிலவரத்தைக் கேட்காமல் புறப்பட வேண்டாம்.

கேள்வி: அடுத்த மாதம் புறப்படுகிறேன். என்ன எடுத்துச் செல்லலாம், எதைத் தவிர்க்க வேண்டும்?
– வாசகி, மதுரை

பதில்: வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுசெல்லத் தடை உள்ளது, மதுவும் பன்றி இறைச்சியும் அவ்வாறே. உங்கள் வழிபாடு அறைக்குள் அமைதியாக இருக்கட்டும். சூரை மீன் இல்லாத சமையல் அங்கே அரிது. சைவ உணவுக்காரர் என்றால் பருப்பு, புளி, சாம்பார் பொடி, சிறிய குக்கர் ஆகியவை அவசியம். காய்கறிகள் பெரும்பாலும் படகில்தான் வந்து சேரும். வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை பள்ளி உண்டு. வெள்ளியன்று பொதுப் படகுகள் பெரும்பாலும் ஓடுவதில்லை என்பதால், மாலேயில் இறங்கித் தீவுக்குச் செல்ல வேண்டியவர்கள் வியாழன் மாலையில் போய்ச் சேரும்படி விமானச் சீட்டு எடுக்க வேண்டாம்.