புதிய கிதாரும் பாதிப் பாடல்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாகர்கோவிலில் நால்வர் சேர்ந்து தமிழில் ராக் பாடல்கள் செய்து வருகிறோம், நான் டிரம்ஸ். ஆறு பாடல்கள் கொண்ட முதல் ஆல்பம் பாதி பதிவான நிலையில் எங்கள் கிதார் கலைஞர் வேலை கிடைத்து வளைகுடாவுக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் மார்த்தாண்டம் பக்கம் ஆலயப் பாடகர் குழுவில் வாசித்து வளர்ந்தவர். பழையவர் வாசித்ததை அப்படியே வாசிக்கச் சொன்னோம். சுரம் பிசகாமல் வாசிக்கிறார், ஆனால் பாட்டில் உயிரில்லை. என்ன செய்வது?

ஆர்., கோட்டாறு

அன்புள்ள ஆர்.,

தந்தியை எவ்வளவு இழுத்து வளைப்பது, தந்தி மீட்டும் பிக் எந்தக் கோணத்தில் படுவது, அடி தாளத்துக்கு மயிரிழை முந்துவதா பிந்துவதா என்பவையெல்லாம் அந்தந்தக் கைக்கே உரியவை. அவற்றை இன்னொருவரிடம் கேட்பது அவருக்கும் பாட்டுக்கும் இழைக்கும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

அமெரிக்க ராக் குழுவான ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸின் கிதார் கலைஞர் ஹில்லெல் ஸ்லோவாக் 1988இல் இறந்தபின் அவர் இடத்துக்கு வந்த ஜான் ஃபுருஷான்டேக்கு வயது 18. அவர் அக்குழுவின் தீவிர ரசிகர். அடுத்த ஆண்டு வந்த ‘மதர்ஸ் மில்க்’ ஆல்பத்தில், அவருக்கு உடன்பாடில்லாத போதும், தயாரிப்பாளர் மைக்கேல் பைன்ஹார்ன் கனத்த, அடுக்கடுக்கான கிதார் ஒலியை வற்புறுத்தினார். 1991இல் ரிக் ரூபின் தயாரித்த ஆல்பத்திலோ அதே கை சிக்கனமாக, இடைவெளி விட்டு வாசிக்கிறது. அதிலுள்ள ‘அண்டர் த பிரிட்ஜ்’ பாடல் தொடங்கும்போது கிதார் மட்டும் தனியே ஒலிப்பதைக் கேளுங்கள்.

பழையவர் முழுமையாக வாசித்து முடித்த பாடல்களை அவர் பெயரோடு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 1968 ஆல்பத்தில் பழைய கிதார் கலைஞர் சிட் பாரெட்டும் அவருக்குப் பின் வந்த டேவிட் கில்மோரும் இருவருமே இருக்கிறார்கள். மற்றவற்றில் கிதாரோடு டிரம்ஸையும் பேஸையும் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும், ஏனெனில் உங்கள் அடிகள் பழையவரின் கையை நம்பி விழுந்தவை. அவற்றின்மேல் இன்னொருவர் எவ்வளவு திறமையாக வாசித்தாலும் ஒட்டாது.

ஞானப்பாட்டுகள் நான்கு குரல்களில் ஒலிக்கக் கேட்டு வளர்ந்த காது உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. பாடகரின் வரி நீளும்போது கீழே ஆல்டோ, டெனர் என்ற இடைக்குரல்கள் நகர்வதுபோல், பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் கார்டுகளை (chords) நகர்த்த அவருக்குத் தெரிந்திருக்கும். உங்கள் பாடல்களில் அதற்கு இடம் விடுங்கள். அடுத்த ஒத்திகையில் நீங்கள் எண்ணித் தொடங்காமல் அவரைத் தொடங்கச் சொல்லி, அவர் கை ஓடும் வேகம் பிடிபட்ட பிறகு டிரம்ஸில் சேர்ந்துகொள்ளுங்கள்.